திரும்பி வரும் அம்பு

தேர்வில் தேறினால் கட்டுப்பாட்டு அறை. தேறாவிட்டால் பழையபடி தண்ணீர்ச் சோதனை. மலேசியாவின் சுங்கை பட்டாணிக் கையுறைத் தொழிற்சாலையில் ரூபினிக்கு முன்னால் இருந்தது அவ்வளவுதான். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்த்துப் பார்த்து அவள் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

மாலைக் கணினி வகுப்புத் தேர்வில் ஒரு புரோகிராமை அச்சடித்துக் கொடுத்தார்கள். கையுறைகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு எழுதியது. ஒழுகும் கையுறை கடைசியில் எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

ரூபினி வழக்கம்போல முதலில் படம் வரைந்தாள். கட்டம், சாய்சதுரம், அம்பு. வெறும் எழுத்தைப் படித்தால் அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கை வராது. பக்கத்து மேசையில் காஞ்சனா, அதே தொழிற்சாலையில் பெட்டி கட்டுபவள், ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு வரி ரூபினியை உறுத்தியது. படத்தைப் பார்த்தாள். ஒழுகும் கையுறையிலிருந்து கிளம்பிய அம்பு வளைந்து மறுபடி சோதனைக்கே போனது. படம் சுத்தமாக இருந்தது. உறுத்தல் அடங்கிவிட்டது. ‘மீண்டும் சோதிக்கப்படும்’ என்று எழுதினாள்.

அடுத்த வகுப்பில் ஜெயகுமார் சார் தாளை நீட்டினார்.

“படம் சூப்பர்லா, ரூபினி. ஆனா இந்த அம்பு புரோகிராம்ல எந்த வரி?”

மேலிருந்து கீழே தேடினாள். கீழிருந்து மேலே தேடினாள். ஒழுகினால் நேராகக் கழிவுத் தொட்டி. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

“இல்ல சார்.”

“அப்ப எங்கேருந்து வந்துச்சு?”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடத்தில் காஞ்சனா காத்திருந்தாள்.

“அக்கா, உங்க லைன் சுவத்துல ஒட்டியிருக்கே, ஒழுகினா ரெண்டாந்தடவ சோதிக்கணும்னு, அந்தப் படத்தத்தானே வரைஞ்சீங்க?”

“ம்.”

“அலாமா! நான் அத ஒரு நாளும் ஏறெடுத்துப் பாத்ததில்லலா. அதான் பாஸாயிட்டேன்.” சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “கோவமாக்கா?”

“இல்ல. கண்ட்ரோல் ரூம்ல குளிரும். சுவெட்டர் எடுத்துட்டுப் போ.”

கோபம் இருக்கிறதா என்று செமிலிங்கில் வீடு போய்ச் சேரும்வரை தேடிப் பார்த்தாள். அதுவும் எந்த வரியிலும் இல்லை.

திங்கட்கிழமை தண்ணீர்ச் சோதனையில், முதல் கையுறையிலேயே கட்டைவிரல் ஓரம் சொட்டியது. எதிர்ச் சுவரில் அந்த அம்பு வளைந்து சோதனைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ரூபினி கையுறையை மறுசோதனைக் கூடையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.