பக்கத்துக் கடை அக்கா

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவர்கள் இருவரையும் கூடப் பிறந்தவர்கள் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். ஒருத்தி ரொட்டிக்காரி. பக்கத்து மேசையில் சூப் விற்றவள் அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவள், அதனால் அக்கா. சுற்றுப்பக்கத்து விவசாயிகள் காய்கறிகளைக் கொண்டுவந்து இறக்கும் அந்த மைதானத்தில் ஒரே தார்ப்பாய்க்குக் கீழேதான் இரண்டு மேசைகளும். சூப் வாங்குகிறவர்களிடம் அக்கா, "தொட்டுச் சாப்பிட ரொட்டி வேணாமா?" என்று பக்கத்து மேசையைக் காட்டுவாள். ரொட்டி வாங்குகிறவர்களை இவள் அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து மனுசனைச் சும்மா வீட்டுக்குப் போக விடமாட்டீங்க போல" என்பார் முட்டைக்காரர்.

குளிர்காலத்தில் ஒரு நாள் ரொட்டிக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள். லாரி ஓட்டும் கணவன் வெளியூர் போயிருந்தான். அக்காதான் வந்து சமைத்தாள், துணி துவைத்தாள், காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அப்போதுதான் கட்டிலின் ஓரத்தில் கம்பளிக்குள் ஏதோ உருண்டையாக இருந்ததைப் பார்த்தாள்.

"யாருடி அது, உன் பக்கத்துல?"

"ரொட்டி மாவுதான்க்கா. அடுப்படி ஒரே குளிரு, பொங்கவே மாட்டேங்குது. இங்க போர்த்தி வச்சா நல்லா எழும்புது. யார்கிட்டயும் சொல்லிடாத, மானம் போயிடும்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தாலாட்டும் பாடுவியா?"

அந்தக் குளிர் விடுவதற்குள் சுகாதார அதிகாரி வீட்டு வாசலில் வந்து நின்றார். ரொட்டிக்காரி பதறிப்போய் அவரைச் சமையலறைக்கு அழைத்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "படுக்கையறை எதும்மா?" என்று கேட்டு நேராக உள்ளே போய்க் கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். மாவுப் பாத்திரம் அங்கேதான் இருந்தது.

"சாப்பிடுற பொருளை இப்படி வைக்கலாமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "தனியா ஒரு சமையலறை ஏற்பாடு பண்ணுங்க. அதுவரைக்கும் சந்தைக்கு வராதீங்க."

தப்பு தன் மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். அவர் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய், மடியில் தலைவைத்து அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "எவன் வயித்தெரிச்சலோ தெரியல. நீ கலங்காத, நான் இருக்கேன்ல" என்றாள்.

அடுத்த ஞாயிறு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று சந்தைக்குப் போனாள். அவளுடைய மேசை காலியாக இல்லை. அக்காவின் மருமகன் நின்று ரொட்டி விற்றுக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் உறையில் வரும் தொழிற்சாலை ரொட்டி.

அக்கா முந்திக்கொண்டாள். "உன் இடத்தை வேற எவனும் பிடிச்சிடக் கூடாதுல்ல, அதான். நீ வந்ததும் எடுத்துக்க."

அதையும் நம்பினாள். நன்றி என்றுகூடச் சொன்னாள்.

கணவன் ஊர் திரும்பி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் யோசித்தான். "அது சரி, அந்த ஆள் அடுப்படியைக்கூடப் பார்க்காம எப்படி நேரா கட்டிலுக்குப் போனான்?"

அவள் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கட்டிலைப் பார்த்தது வெளியாட்களில் ஒரே ஒருத்திதான்.

மறுநாள் அவள் தேடிப் போனபோது அக்கா வீட்டில் கேரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"நீதான் சொன்னியாக்கா?"

அக்கா இல்லையென்று சொல்வாள், சத்தியம் செய்வாள், சண்டைக்கு வருவாள் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான்.

"மாப்பிள்ளைக்கு வேலை போயிடுச்சு. பொண்ணு தினமும் அழுவுறா. நான் என்னடி பண்ணட்டும்?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. பாதி மேசையைக் குடுத்திருப்பேனே. ரெண்டு பேரும் சேர்ந்தே வித்திருக்கலாமே!"

"குடுத்திருப்பே. எனக்குத் தெரியாதா? அப்புறம் காலம் பூரா நீ குடுத்ததுன்னு நான் தலையைக் குனிஞ்சிட்டு நிக்கணும்."

"என் முதுகைத் தடவிக் குடுத்தியே" என்றாள் ரொட்டிக்காரி. அக்கா மறுபடி கேரட்டை எடுத்துக்கொண்டாள்.

மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூட கேன்டீனை வாடகைக்குப் பிடித்து, அதிகாரி வந்து பார்த்துச் சரியென்று சொல்வதற்குள் வெயில் காலம் வந்துவிட்டது. சந்தைக் குழுவினர் பழைய இடத்தையே தருவதாகச் சொன்னார்கள். அவள் வேண்டாமென்று கடைக்கோடியில், முட்டைக்காரர் பக்கத்தில் மேசையைப் போட்டாள். அவர் காரணம் கேட்கவில்லை. தன் தட்டுகளை நகர்த்தி இடம் விட்டார்.

தொழிற்சாலை ரொட்டி சூப்பில் தொட்டதும் கரைந்துபோகிறது என்று ஆட்கள் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்கோடிவரை நடந்து வந்தார்கள். மருமகன் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு அக்காவே வரிசையில் வந்து நின்றாள். முன்னால் இருந்தவர்கள் நகர்ந்து அவள் முறை வந்தது.

"என்ன வேணும், சொல்லுங்க" என்றாள் ரொட்டிக்காரி.

"என்னடி, 'சொல்லுங்க'ன்ற?"

"சின்னதா, பெருசா?"

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "பெருசு" என்றாள் கடைசியில். ரொட்டிக்காரி காகிதத்தில் சுற்றி, மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலவே கொடுத்துவிட்டு, "அடுத்து யாருங்க?" என்று கேட்டாள்.

அதன்பின் இரண்டு பேருக்கு ரொட்டியை மாற்றிக் கொடுத்தாள். மூன்றாவது ஆளுக்கும் தப்பாக எடுத்தபோது முட்டைக்காரர் எழுந்து வந்து, "நீ கொஞ்ச நேரம் உட்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று ரொட்டி வெட்டும் கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.