பத்தடித் தூரம்

...பாய்போல மண்ணோடு சுருட்டி விற்கும் புல், ஐந்து சுருள் போதும் என்று நினைத்தது தப்பு, ஆறாவதும் வாங்க வேண்டியதாகிவிட்டது, ரெய்னோ அவ்வளவு பெரிய ஆளா என்ன, முப்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவனின் நீளம் எனக்குத் தெரியாதா... இல்லை, இது அவனுடைய அளவு இல்லை, உப்பின் அளவு, நான் கொட்டிய உப்பு. ஜனவரியில் அவன் இங்கே விழுந்து கிடந்தபோது, ஆம்புலன்ஸ்காரர்கள் பனியில் வழுக்கிவிடக் கூடாதே என்று பனி உருக்கும் உப்பு மூட்டையை அப்படியே கவிழ்த்தேன். புருஷன் கிடக்கிறான், பெண்டாட்டி அடுத்தவன் இடுப்பைக் காப்பாற்றுகிறாள், மினசோட்டாவில் எங்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். மே மாதம் தெருவெல்லாம் பச்சை வந்தபோது கார் பாதையின் ஓரத்தில் இந்த இடம் மட்டும் வைக்கோலாகச் செத்துக் கிடந்தது, என் சமையலறை ஜன்னலுக்கு நேராக, பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்த்தாக வேண்டும். செத்ததை வெட்டி எடுத்தேன், மூன்று நாள் தண்ணீர் விட்டு உப்பை அடியில் இறக்கினேன், புது மண் போட்டுச் சமப்படுத்தினேன், சுருள்களை விரித்து விளிம்போடு விளிம்பு முட்ட வைத்தேன். இனி ஏறி மிதிக்க வேண்டும், அதுதான் முடியவில்லை.

மிதிக்காவிட்டால் வேருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நிற்கும், ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். கடைக்காரப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள், "நல்லா ஏறி மிதிங்கம்மா, பாவம் பாக்காதீங்க." காலைத் தூக்குகிறேன், இறங்க மாட்டேன் என்கிறது. அன்று காலையும் இதே ஒன்பது மணிதான், பனி வாரும் மண்வெட்டி சிமெண்டில் உரசும் சத்தம், சரக், சரக், பிறகு நின்றது... நின்றதைக் கேட்டேன். மூச்சு வாங்குகிறான் என்றா நினைத்தேன்? படகை விற்கும் விஷயத்தில் சண்டை, இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை, நிற்கட்டுமே என்று இருந்தேனா? குறுக்கெழுத்தில் மூன்று சொல் போட்டேன், காபியைக் குடித்து முடித்தேன், அப்புறம்தான் எட்டிப் பார்த்தேன். உயிர் போய்விட்டது என்று சொன்ன டாக்டரிடம், "சத்தம் நின்னதும் ஓடிட்டேன்" என்று சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காலையில் கேட்கிறது, கேட்பதில் பயமில்லை, எப்போது நிற்கும் என்றுதான் பயம்.

எதிர்வீட்டு லைல் தெருவைத் தாண்டி வருகிறார். அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க என் வாசல் பனியைக் கேட்காமலே வாரியவர், காபி கொடுத்தால் மூன்று முறை வேண்டாம் என்பார், அது எங்கள் ஊர் மரியாதை, ஆனால் நாலாவது முறையும் வேண்டாம் என்பார், அதுதான் எனக்குப் புரிந்ததில்லை. "என்னம்மா ஐலா, புல்லுக்குத் தாலாட்டா பாடுறே?" "மிதிக்கணும், முட்டி வலிக்குது." "நான் மிதிக்கவா?" "உங்களுக்கு எதுக்குச் சிரமம்." "சும்மாதானே இருக்கேன்." "வேணாம், விடுங்க." "ரெண்டு நிமிஷ வேலை." "சரி, உங்க இஷ்டம்." ஓரம் வரை வந்தார், காலைத் தூக்கினார், அவருக்கும் இறங்கவில்லை.

"ஐலா, அன்னிக்கு நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். மண்வெட்டிமேல சாஞ்சு நின்னான். போய்க் கேட்டா, என்னைக் கிழவன்னு நெனச்சியான்னு கோச்சுக்குவான்ல... அப்புறம் கையத் தூக்குனான். குட் மார்னிங் சொல்றான்னு நெனச்சு நானும் கை காட்டிட்டு உள்ள போயிட்டேன்."

இப்போது சொல்லலாம், நானும் கேட்டேன் லைல், சத்தம் நின்றது எனக்கும் கேட்டது என்று, நாக்கு நுனி வரை வந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும், விடுங்க" என்றுதான் வந்தது, எவ்வளவு சுலபமாக மன்னிக்கிறேன் பார். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புல்மேல் ஏறி மிதிக்கத் தொடங்கினார், மெதுவாக, குதிகால் பதிய. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், லைலின் ஜன்னல் தெருவுக்கு அந்தப் பக்கம், அவரைப் பார்த்துக் கை தூக்கினான் என்றால் முதுகு என் பக்கம்... சமையலறை பத்தடி, உள்ளே நான் இருப்பது தெரியும், காபி வாசனைகூட வந்திருக்கும், அவன் உதவிக்கு என்னை விட்டுவிட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டிருக்கிறான். நான் வர மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா?