கோடையில் பறந்துபோன நாவல்

1997ஆம் வருடம் சித்திரைக் கடைசியில், கருங்குழி கொடுக்காப்புளிப் பதிப்பகம் அந்தப் பருவத்துக்கு வெளியிட்டிருந்த நான்கு புத்தகங்களிலிருந்தும் எழுத்துகள் எழும்பி, வேடந்தாங்கல் ஏரியை விட்டுக் கிளம்பிய நாரைகளோடு சேர்ந்து வடக்கே போய்விட்டன. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஈசல் என்று நினைத்து முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்கள். பெட்டிக்கடை அருணகிரியின் சட்டைமேல் ஒரு ‘ழ’ வந்து உட்கார்ந்தது, தட்டிவிட்டதும் பறந்துவிட்டது. அன்று தக்காளி விலை ஏறியிருந்ததால் மதியத்துக்குமேல் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பதிப்பாளர் லோகநாயகி, கல்பாக்கத்தில் கைநிறையச் சம்பளம் வாங்கிய வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டு முன்னறையில் பதிப்பகம் நடத்தியவள். வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், நான்கே புத்தகம். கட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள், எல்லாம் வெள்ளைத்தாள். அச்சகத்துக்குப் போன் செய்தாள். தகடும் வெறுமை, கம்ப்யூட்டரிலும் ஒன்றும் இல்லை. மூன்று எழுத்தாளர்களிடம் கைப்பிரதி இருந்தது. அவர்கள் திட்டியதோடு சரி. நான்காவது ஆள் ராமதாஸ். திருப்போரூரில் பஸ் கண்டக்டர். மூளைக்காய்ச்சலில் ஏழு வயதில் போய்விட்ட மகள் ரோகிணியைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தான். காய்ச்சலுக்கு முந்தின நாள் சாயங்காலம், பழைய சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு அவள் தெருமுனை திரும்புவதோடு அது முடியும். புத்தகம் கைக்கு வந்த அன்று, ஒரே பிள்ளையை இரண்டு இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்று கைப்பிரதியை மாமல்லபுரம் கடலில் கரைத்துவிட்டிருந்தான்.

காக்கிச் சட்டையோடு, தோல்பையைக்கூடக் கழற்றாமல் வந்தான். வெற்றுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தான்.

“இன்னா மேடம் இது? ஒருவாட்டி பொதைச்சிட்டு வந்தேன். இன்னொருவாட்டியும் பொதைக்கணுமா?”

லோகநாயகி வெற்றுப் பக்கங்களைப் புரட்டினாள். “நாரை திரும்பும்போது வந்துரும் அண்ணே,” என்றாள். தான் சொன்னதைத் தானே நம்பவில்லை. அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தக் கோடை முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதன் தன் குழந்தையை நம்பிக் கொடுத்தான், கதவைத் திறந்துபோட்டுவிட்டோம் என்கிற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. வேடந்தாங்கலுக்குப் பஸ் ஏறிப் போய், வறண்ட ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். பதிப்பகத்தை மூடிவிடுவது என்று தீர்மானித்து, பெயர்ப்பலகையைக் கழற்ற ஓர் ஆணியைப் பிடுங்கியும்விட்டாள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதால் பலகை அப்படியே ஒற்றை ஆணியில் தொங்கியது.

ஏரி நிரம்பி நாரைகள் வந்தன. அவற்றின் பின்னால் எழுத்துகளும் வந்தன. நனைந்துபோய், மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்து உலர்ந்துவிட்டு, ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து தத்தம் பக்கங்களில் படிந்தன. கவிதைத் தொகுப்பு முதல் நாளே நிரம்பியது. சமையல் புத்தகமும் கட்டுரை நூலும் அந்த வாரத்தில். ராமதாஸின் நாவலுக்கு மட்டும் ஓர் எழுத்தும் வரவில்லை. கார்த்திகை பிறந்தும் வரவில்லை.

அவன் மனைவி முனியம்மா ஒரு நாள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். வெற்றுப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். “அந்தாளு ரெண்டு மாசமா டூட்டிக்கே போவல. நான் வாங்கிக்கினுதான் போவேன்,” என்றாள். லோகநாயகி டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உச்சிவெயில் நேரத்தில் வந்தன. முதலில் பெரிய எழுத்துகள், களைத்துப்போய், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி. பின்னாலேயே கொம்புகளும் கால்களும். கடைசியில் மெய்யெழுத்துப் புள்ளிகள், கோழிக்குஞ்சுகள் மாதிரி இடம் தெரியாமல் ஓடி ஓடி. முனியம்மா மூச்சை அடக்கிக்கொண்டு முழங்காலை அசைக்காமல் இருந்தாள்.

“படிம்மா.”

லோகநாயகி படித்தாள். கடைசிப் பக்கத்தில் டயர் தெருமுனை திரும்பியது. அதோடு முடியவில்லை. காலியாக இருந்த பின்பக்கங்களிலும் எழுத்து. ரோகிணி டயரோடு வீடு திரும்புகிறாள், தூங்குகிறாள், மறுநாள் காய்ச்சல் இல்லாமல் எழுந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். முன்பல் விழுந்து முளைக்கிறது. ராமதாஸ் எழுதாத வரிகள். இதை எப்படிச் சொல்வது என்று திணறி, “இதில் ரோகிணிக்கு எட்டு வயசு ஆயிருக்கும்மா,” என்றாள்.

முனியம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “ஒரு வருசம் ஆச்சே. புள்ள வளராம இன்னா பண்ணும்?” என்றாள். புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். லோகநாயகி உள்ளே போய், அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அடுத்த சித்திரையில் எழுத்துகள் மறுபடி போயின, யாரும் கலங்கவில்லை. ‘கோடையில் வெற்றாக இருக்கும்’ என்று பதிப்பகம் அட்டையிலேயே அச்சிட்டது. புதுப் புத்தகங்களின் வெளியீடு தையிலிருந்து கார்த்திகைக்கு மாறியது. ஒவ்வொரு கார்த்திகையிலும் ரோகிணி ஒரு வயது கூடித் திரும்பினாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் கொஞ்சம் தடுமாறினாள். அந்த வருடம் முனியம்மா திருப்போரூர் முருகனுக்கு விளக்குப் போட்டாள். ரோகிணி செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. முடித்தாள். பழைய மாமல்லபுரம் சாலையில் கம்பெனிகள் முளைத்தபோது ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ராமதாஸ் தன் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தான்.

2012இல், நாவலின் அடுத்த பதிப்புக்கான தாள் வாங்கும் நேரத்தில், அவன் கருங்குழிக்கு வந்தான்.

“பின்னாடி கொஞ்சம் வெள்ளப் பக்கம் சேத்துப் போடுங்க மேடம். கல்யாணம் வர்ற நேரம்.”

“பதினாறு போதுமா அண்ணே?”

ராமதாஸ் யோசித்தான். “எங்க பக்கம் சொந்தக்காரங்க ஜாஸ்தி,” என்றான்.

லோகநாயகி அச்சகத்துக்குப் போன் போட்டு முப்பத்திரண்டு என்றாள்.