முழங்கை வரைக்கும்

"கட்டிலால விழுந்திட்டார் எண்டு சொன்னனான்தானே, தங்கச்சி. வயசாளிகள் விழுவாங்கதான்."

"போன முறையும் இதைத்தான் சொன்னீங்க, ராத்தா. வாப்பா மூதூர் லோஞ்சில காலமெல்லாம் நிண்டு வேலை செய்தவர். கடல் குலுக்கியும் விழாத மனுஷன், உங்கட கட்டிலால மட்டும் எப்பிடி விழுறார்?"

நஸ்ரியா சிரித்தாள். துறைமுகத்தைப் பார்த்து நின்ற அந்த முதியோர் இல்லத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். சிரிக்கும்போதும் அவள் கண் ஜுமானாவின் வாப்பா ஸெய்னுதீனை விட்டு நகரவில்லை. ஜுமானாவால் பொறுக்க முடியாமல் இருந்தது அதுதான். எப்போது வந்தாலும் தகப்பனோடு தனியே இருக்க அவளுக்கு ஒரு நிமிஷம் கிடைத்ததில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு வாப்பாவுக்குப் பேச்சுக் குழறும். ஆனாலும் கிண்ணியாவில் வீட்டோடு இருந்தவரைக்கும், மீன் ஆணத்துக்குப் புளி போதாது என்று குழறிக் குழறியாவது ஏசுவார். உம்மா மௌத்தான பின், ஜுமானா வேலைக்குப் போனால் பகலில் பார்க்க ஆளில்லை என்று அவளும் அண்ணனும் சேர்ந்து இங்கே விட்டார்கள். இங்கே அவர் வாயே திறப்பதில்லை. மேசையிலிருந்த தண்ணீரை எடுப்பதற்கு முன்னால்கூட நஸ்ரியாவின் முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்க ஏன் வாப்பா அவங்களைப் பாக்கிறீங்க?"

"மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்றாள் நஸ்ரியா.

அப்போது அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. வழக்கமாகக் காலையில் வந்துவிட்டுப் போகிறவள் ஜுமானா. இன்று பஸ் பழுதாகிப் பின்னேரமாகிவிட்டது. பாங்கு முடியும் முன்பே ஸெய்னுதீனின் விரல்கள், தொழுகைக்கு முன் கைமுகம் கழுவும் ஒளுவுக்காக, முழுக்கைச் சட்டையின் பொத்தானைத் தேடிப்போயின. பொத்தான் வழுகியது. மறுபடியும் பிடித்தார்.

"விடுங்க, தங்கச்சி. அவருக்குத் தொழுகை நினைப்பே இல்ல."

"நினைப்பில்லாதவர் எதுக்குப் பொத்தானைக் கழட்டுறார்?"

"ஒளு நாங்க செய்துவிடுவம்."

"தண்ணி ஊத்த எனக்கும் கை இருக்கு, ராத்தா."

தகப்பனைத் தாங்கிப் பிடித்து விறாந்தைக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். வாய் கொப்பளித்து, முகம் கழுவினார். பிறகு வலக்கைச் சட்டையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே, துணிக்கீலத்தின் அகலத்தில், சுற்றிவர ஊதா நிறக் கண்டல். அதனடியில் மஞ்சளாய்ப் பழைய ஒன்று. இடக்கையிலும் அதே வளையம்.

நஸ்ரியாவும் ஐந்து வேளையும் முழங்கை வரை கழுவித் தொழுகிறவள்தான். ஆனால் மறைக்க நினைத்தபோது சட்டையின் நீளத்தை மட்டுமே நம்பியிருந்தாள்.

"விழுந்தா ரெண்டு கையிலயும் காப்புப் போட்ட மாதிரிக் காயம் வருமா, ராத்தா?"

"எழும்பி எழும்பிக் கதவைத் திறக்கிறார். அவர்ர நன்மைக்குத்தான் கட்டினனாங்க. சத்தம் போடாதீங்க, மத்த ஆக்கள் பயந்திருவாங்க. விருப்பமில்லாட்டி வேற இடம் பாருங்க."

"பயப்பட அவங்களுக்கு இனி என்ன மிச்சம் வச்சிருக்கீங்க? சத்தம் போடத்தான் போறன்." ஜுமானா கைபேசியை எடுத்தாள். இரண்டு கைகளையும் படமெடுத்தாள். ஓட்டோவுக்கு அழைத்தாள். "முதல்ல ஆஸ்பத்திரி. டொக்டர் பாத்து எழுதட்டும். அங்கயிருந்து பொலிஸ். கேற்றைத் திறந்து வைங்க."

"மகன்தான் கையெழுத்து வச்சிச் சேர்த்தவர். அவரைக் கேக்காம விட ஏலாது."

"காக்கா கட்டாரில இருக்கார். கை இங்க இருக்கு."

வாப்பா நஸ்ரியாவைப் பார்த்தார். திரும்பவும் தலை குனிந்துவிடுவாரோ என்று ஜுமானா பார்த்தாள். அவர் குனியவில்லை. இடக்கையை நீட்டினார்.

"இந்தக் கைக்கும்... ஊத்து, மக."

அவள் ஊற்றினாள். தண்ணீர் முழங்கையால் வழிந்து நஸ்ரியாவின் செருப்பு வரை ஓடியது. வாசலில் ஓட்டோவின் ஹோர்ன் அடித்தது.

விறாந்தைக் கோடியிலிருந்த கதிரை கிறீச்சிட்டது. வாப்பாவின் அறையிலேயே கிடக்கும் சிவகுருநாதன், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர், சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்கு வந்தார். பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்தபடியே வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். அங்கேயும் அதே ஊதா வளையம். பிறகு ஜுமானாவிடம் திரும்பினார்.

"பிள்ளை, அந்த ஓட்டோவில என்னையும் ஏத்திக்கொண்டு போவீங்களோ?"