இரண்டாம் தரம் கொடுத்த சீஸ்

முரசுமோட்டையில் சுரேகாவின் வீட்டுக்குப் பால் கொண்டுவந்து தருபவர் பக்கத்து வளவுக் கமலாட்சி அக்கா. புருஷனுக்கு இருதய ஒப்பரேசன் நடந்த அன்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, மீன் இறைச்சி என்று மச்சமெல்லாம் விட்டவர். பதினொரு வருடமாக முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட்டதில்லை.

சுரேகாவின் தம்பி வினோதன் இத்தாலியில், பலெர்மோவில், ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிறான். ஊருக்கு வந்த நண்பரிடம் பாலை உறைய வைக்கும் குளிசைகளைக் கொடுத்துவிட்டு, மொசரெல்லா சீஸ் செய்யும் விதத்தை வட்ஸ்அப்பில் சொன்னான். முதல் நாள் சுரேகா பழக்கதோஷத்தில் பாலைப் பொங்கக் காய்ச்சிவிட்டாள்; ஒன்றும் கூடி வரவில்லை. மறுமுறை நாலு போத்தல் பச்சைப் பாலில் தேசிக்காய்ப் புளி விட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் இறக்கி, குளிசையைக் கரைத்து ஊற்றினாள். பால் கட்டியாக உறைந்தது. அதைக் கத்தியால் கீறி, தண்ணீரை வடித்து, கொதிதண்ணீரில் அமிழ்த்திப் பிசைந்தாள். உள்ளங்கை சிவந்துபோனது. ஆனால் சீஸ் இழுக்க இழுக்க மினுங்கிக்கொண்டு நீண்டது. பாலுக்கு உரியவர் என்று முதல் உருண்டையைக் கமலாட்சி அக்காவுக்கே கொடுத்தாள். சூடான ரொட்டியில் வைத்துத் தின்றுவிட்டு, இப்படி ஒரு ருசி தன் மாட்டுப் பாலில் இருந்ததா என்று அவர் வாயாறப் புகழ்ந்தார்.

குளிசை முடியப் போகிறதே, கிளிநொச்சிக் கடைகளில் கேட்கலாமா என்று சுரேகா தம்பியிடம் விசாரித்தது புதன்கிழமை. கிடைக்காது என்றான். அது அறுத்த பால்குடிக் கன்றின் இரைப்பையில் இருந்து எடுப்பது என்றும், சைவமானதும் உண்டு, இது அதில்லை என்றும் சாதாரணமாகச் சொல்லி வைத்தான்.

கமலாட்சி அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தவித்துக்கொண்டிருக்க, வெள்ளிக்கிழமை அவரே தன் தங்கை நேசமலரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சீஸில் கொஞ்சம் கிடக்கிறதா, நெளுக்குளத்தில் இருந்து வந்தவளுக்கும் ருசி காட்டலாம் என்றார். போன கிழமை செய்ததில் இரண்டு உருண்டை குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தன. பழுதாகிவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் நேசமலர், நான் வந்த நேரம் தொட்டு அக்காவுக்கு உம்மைப் பற்றித்தான் கதை என்று சொல்லிச் சிரித்தார். சுரேகா சீஸை வெட்டித் தட்டில் வைத்தாள். கமலாட்சி அக்கா இரண்டு துண்டு தின்றார்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பால் போத்தலை அவர் முகம் பாராமல் வாங்கினாள். அந்தப் பாலில் போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டாள். திங்கட்கிழமை போத்தல் முக்காலாக வந்தது.

"கண்டுக்குட்டிக்கு வயிறு நிரம்பேல்லை, அதான் குறைவு. குறை நினைக்காதை பிள்ளை," என்றார் கமலாட்சி அக்கா.

சுரேகாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் ஒன்றுதான் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

இன்றுதான் என்று சொல்லலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

"புதன்கிழமை."

"முதல் தரம் நீயும் அறியாய். அதை விடு. ரெண்டாம் தரம் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டெல்லோ தந்தனி?"

அவர் போய்விட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து, தலை முழுகி, ஈரக் கூந்தலோடு திரும்பி வந்தார்.

"வெளிக்கிடு. அம்மனிட்டை நீயும் வந்து சொல்லு."

முல்லைத்தீவு பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வற்றாப்பளைக்குப் போனார்கள். கோயிலில் கமலாட்சி அக்கா கண்ணை மூடி நின்றார். சுரேகா அம்மனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது புதுக்குடியிருப்பு தாண்டியபின்தான் அவர் வாய் திறந்தார்.

"அம்மனுக்குச் சொல்லிப்போட்டன். அவா பொறுத்துக்கொள்ளுவா. எனக்குத்தான் மனம் ஆறேல்லை."

"ஓம் அக்கா," என்றாள் சுரேகா.