இருபத்தாறு டிகிரி

"என் கை போச்சு ரோசி," என்றாள் வீப்கா. நார்வேயின் பெர்கனிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்தவள், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு வருஷமா அதே செல்லு, அதே மருந்து. இங்க கோட்டிங்கன்ல வந்த முடிவு அங்க ஒரு தடவகூட வரல. திங்கக்கிழமை ராஜினாமா குடுக்கறேன். அதுக்கு முன்னாடி உன் காபியக் குடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என் காபியா? அதுக்கு ராஜினாமாவே தேவல," என்றேன். பழக்கத்தில் வாய்தான் கிண்டல் செய்தது. அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான் விஞ்ஞானி இல்லை. முப்பத்தோரு வருஷமாகக் கரைசல் கலக்கி, எலி மூளையிலிருந்து செல் வளர்த்து, நுண்ணோக்கி துடைக்கிற உதவியாளர். வீப்கா பார்த்த வேலையை என் அண்ணனுக்கு இப்படித்தான் சொல்வேன்: நரம்பு செல்லின் நுனியில் சின்னச் சின்னப் பைகள். சேதி வந்தால் பை விளிம்பில் ஒட்டித் திறந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டும். காலிப் பையைச் செல் வீசி எறியாது. நாம் பியர் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுபோல, உள்ளே இழுத்து மறுபடி நிரப்பும். பைக்குள் ஒளிரும் புரதம் ஒன்றை வைத்துவிட்டால், பை திறந்ததும் பச்சையாக எரியும். உள்ளே திரும்பி அமிலம் ஏறியதும் அணையும். அணைய எத்தனை விநாடி என்று அளப்பதுதான் வேலை. வேறொரு புரதம் இல்லாமல் பிறந்த எலிகளின் செல்களில் அந்தப் பச்சை மூன்று மடங்கு நேரம் நின்றது. பைகளைத் திருப்பிக் கொண்டுவருவதே அந்தப் புரதம்தான் என்று வீப்கா எழுதினாள். பட்டம் வந்தது, கட்டுரை வந்தது, பெர்கனில் வேலையும் வந்தது.

செல்கள் முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்தால் பைகள் மெதுவாகத்தான் திரும்பும். அந்த வருஷம் வெப்பம் பார்க்கிற கம்பி, செல் இருக்கிற கிண்ணத்துக்குள் கிடந்து இரண்டு தடவை லென்ஸில் இடித்தது. லென்ஸ் போனால் பேராசிரியர் என்னைத் தின்றுவிடுவார். நாலு நாளைக்குத்தானே என்று கம்பியை எடுத்து, கரைசல் வருகிற குழாயில் டேப் போட்டு ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை, திரும்ப எடுத்து வைக்கவும் மறந்துபோனேன். சொல்லுமளவுக்கு அது ஒரு விஷயமா என்ன! திரை எப்போதும் போல முப்பத்தேழு காட்டியது. சாதாரண எலிகளை வீப்கா அதற்கு முன்பே அளந்து முடித்திருந்தாள். புரதமில்லாத எலிகள் தாமதமாகப் பிறந்து, அதற்குப் பிறகுதான் வந்தன.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் மேசையைச் சுத்தம் செய்யும்போது, சும்மா ஒரு கண்ணாடி வெப்பமானியைக் கிண்ணத்தில் வைத்தேன். இருபத்தாறு. திரை காட்டியது குழாயின் சூட்டை, கிண்ணத்தில் செல்கள் குளிர்ந்துகிடந்ததால்தான் பச்சை அவ்வளவு நேரம் நின்றிருக்கிறது. அடுத்த அறையில் ஆய்வகத்து மாணவப் பிள்ளைகள் அவளுக்கு அட்டையில் பட்டத் தொப்பி ஒட்டிக்கொண்டு, அதில் எதைத் தொங்கவிடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா எம்டனிலிருந்து வர டிக்கெட் எடுத்தாயிற்று. தேர்வு முடியட்டும் என்றிருந்தேன். முடிந்தது. தள்ளுவண்டியை அலங்கரித்து, அவளை ஏற்றி, ஊர் நடுவில் இருக்கிற நீரூற்றுக்கு இழுத்துக்கொண்டு போனோம். பட்டம் வாங்குகிறவர்களின் வழக்கப்படி மேலே ஏறி, அங்கே நிற்கிற வாத்துக்காரப் பெண் சிலையின் வெண்கலக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "ரோசி, நீயும் ஏறு! பாதிப் பட்டம் உன்னோடது!" என்று கத்தினாள். நான் கைதட்டினேன். பாவி, கைதட்டினேன். மறுநாள் கம்பியைச் சத்தமில்லாமல் கிண்ணத்துக்குள் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இரண்டு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினேன்.

"உன் கைக்கு ஒண்ணுமில்ல," என்றேன். கம்பி, குழாய், டேப், எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தாள். "டேப்பா? ரெண்டு வருஷமா நான் தூங்கல ரோசி. டேப்பா?" பிறகு கேட்டாள், "உனக்கு எப்பத் தெரியும்?"

"தேர்வுக்கு மூணு நாள் முன்னாடி."

சிரிப்பு போய்விட்டது. கம்பியை மன்னித்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மன்னிச்சிடும்மா என்றேன்.

"டேப் ஒட்டினப்புறம் நான் எழுதின நோட்டெல்லாம் எங்க?"

அலமாரியிலிருந்து நாலையும் இறக்கினேன். முதலாவதைப் பிரித்து, 37 என்று இருந்த இடத்தை ஒரே கோடாக அடித்தாள். மேலே 26 என்று எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டு, தேதியும் கையெழுத்தும் இட்டாள். ஆய்வக நோட்டில் தப்பை அப்படித்தான் திருத்த வேண்டும், அழிக்கக் கூடாது. அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். முதல் நோட்டு முடிந்ததும் நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டினாள். அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்.