இராசையா வாங்கிய மெழுகுசீலை

இராசையா யாரை நம்புவான் என்று கேட்டால் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள், சிரிப்பார்கள். கொழுந்து நிறுக்கிற தராசை அவன் நம்பமாட்டான். காலையில் ஆள் கூட்டுகிற பெரட்டில் பேர் போடுகிற கணக்குப்பிள்ளையை நம்பமாட்டான். அதுகூடப் பரவாயில்லை, அவரை யார்தான் நம்பினார்கள்? இவன் மலையிலிருந்து பீலியில் கொட்டுகிற தண்ணீரையே மோந்து பார்த்துக் குடிக்கிற ஆள்.

சும்மா வந்த குணமில்லை அது. முதல் இரண்டு பிள்ளைகளும் பல் முளைக்கும் முன்னே நெஞ்சுச்சளியில் போய்விட்டன. மருந்து சரியில்லையோ, பால்மா சரியில்லையோ, எவள் கண் பட்டதோ என்று அன்றைக்கு யோசிக்கத் தொடங்கியவன் இன்னும் நிறுத்தவில்லை. மூன்றாவதாக வந்தவள் வள்ளி. பிள்ளை நிலைத்தால் ஒரு வயசுக்குள் கதிர்காமத்துக்கு நடந்தே வந்து முதல் முடி இறக்குகிறேன் என்று அவன் பெண்சாதி பெரியாயி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளையும் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வயசு வந்து முடிகிற மாதத்தைப் பாருங்கள், கார்த்திகை! ஊவாவில் கார்த்திகை மழை என்றால் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். பசறைக்கு இறங்கி, மொனராகலை, புத்தல தாண்டி, அப்புறம் காட்டு வழி. பெரியவர்கள் நனையலாம், துடைத்துக்கொள்ளலாம். வள்ளி நனைந்தால்?

கம்பளி இருந்தது. மலையில் கொழுந்தெடுக்க நல்லதுதான். ஆனால் நன்றாக நனைந்த கம்பளி வளர்ந்த ஆட்டைத் தோளில் போட்ட பாரம். அதைச் சுமப்பதா, பிள்ளையைச் சுமப்பதா? சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போடலாம், பாரமில்லை. ஆனால் அடைமழைக்குச் சாக்கு பாவம் என்ன செய்யும்? குடை என்றால், மடுல்சீமைக் காற்றில் குடை பிடித்தவன் கையில் கம்பிதான் மிஞ்சும். துரைமார் போடுகிற மழைக்கோட்டோ, விலையைக் கேட்டாலே காய்ச்சல் வந்துவிடும்.

பசறையில் அலவி நானாவின் கடையில்தான் அந்த மெழுகுசீலையைப் பார்த்தான். தியத்தலாவைப் பட்டாளத்து முகாமில் வேண்டாமென்று ஏலம் விட்டதாம். மெழுகு ஏற்றிய துணி. மடித்தால் இடுப்பில் செருகலாம், விரித்தால் தாயும் பிள்ளையும் ஒன்றாய் மூடிக்கொள்ளலாம். யாத்திரை போவதைச் சொல்லி விலை கேட்டான். நானா சொன்ன விலையைக் கேட்டதும் இராசையா ஓரடி பின்னால் போனான்.

"இம்புட்டு மலிவா ஏன் குடுக்குறீங்க?"

"பழைய சாமான் இராசையா. கைப்பிள்ளையோட தூரம் போறீங்க, புள்ள நனையப்படாதுதானே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இராசையாவுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. இவருக்கென்ன என் பிள்ளைமேல் கரிசனம்? செத்த சிப்பாய் மேலிருந்து உருவினதோ? திருட்டுச் சாமானோ, வழியில் பொலிஸ்காரன் மறிப்பானோ? மோந்து பார்த்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை தேடினான். ஓரத்தைக் கடித்தும் பார்த்துவிட்டான்.

"அது என்ன கரும்பா, கடிக்கிறீங்க?" என்று நானா சிரித்தார். "ஒண்ணு மட்டும் கவனம். நெருப்புக்கிட்டக் கொண்டு போகாதீங்க. மெழுகு உருகிப்போகும்."

இது எதற்கு? நாளைக்குச் சீலை கெட்டால் பழியை நம் தலையில் கட்டுவதற்கு இப்போதே வழி பண்ணுகிறார் என்று இராசையா முடிவு கட்டினான். அந்தப் பேச்சை அவன் வீட்டில் சொல்லவும் இல்லை. வியாபாரி வாயில் வருவதையெல்லாம் வீடுவரை சுமந்து போவானா?

வாங்கினான், ஆனால் நம்பவில்லை. லயத்து வீட்டுக் கூரைக் கம்பில் நாலு மூலையையும் கட்டி, தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றினான். விடியும்போது கீழே ஒரு சொட்டு இல்லை. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். இவன், "நின்ன தண்ணி ஒழுகல, பேய்ற தண்ணி ஒழுகுமோ என்னவோ" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஈரச் சீலையை வாசல் கொடியில் போட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போனான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் சீலை மூலையில் மடித்துக் கிடந்தது. பிரித்தால் பிரியவில்லை. மடிப்போடு மடிப்பு ஒட்டி, இழுத்த இடத்தில் மெழுகு உரிந்து, வெறும் துணி பல்லைக் காட்டியது.

"பாத்தியா! ஏமாத்திப்புட்டான்! நான் அப்பவே நெனச்சேன்!"

அவன் குரலில் கோபம் பாதி, தான் நினைத்தது சரியாய்ப்போன திருப்தி பாதி. பெரியாயி அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தாள். "என்னாங்க, வந்து..." என்றாள்.

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒலகம் தெரியாது."

அவள் அடுப்பங்கரைக்கே திரும்பிப் போனாள்.

மறுநாள் யாத்திரைக்குப் புறப்பட்டார்கள். பசறை வந்து சேரும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெரியாயி பிள்ளையை மாராப்புக்குள் அணைத்து, சாக்கைத் தலையில் போட்டு வந்தாள். வள்ளி இரண்டு தரம் இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் இராசையாவுக்குக் கண் மண் தெரியவில்லை. நேரே நானாவின் கடைக்குள் ஏறி, ஒட்டிப்போன சீலையை மேசைமேல் வீசினான்.

"பச்சப் புள்ளைக்குன்னு தெரிஞ்சும் இப்புடிப் பண்ணுவீங்களா?"

நானா சீலையைப் புரட்டிப் பார்த்தார். "நெருப்புல காட்டினீங்களா இராசையா?"

"பாத்தீங்களா! இதத்தான் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும்!" மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் கூடியதும் இராசையாவின் குரல் இன்னும் ஏறியது. "எங்க வீட்டுல யாரும் நெருப்புக்கிட்டக் கொண்டு போகல. நம்பலியா? இந்தா, எம்புள்ள தல மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்!"

கையை ஓங்கிக்கொண்டு திரும்பினான். பிள்ளை தலையில் அடித்துச் சொல்கிற சத்தியம் விளையாட்டில்லை. பொய்யாய்ப் போனால் அது அந்தப் பிள்ளையைத்தான் காவு கேட்கும். தோட்டத்தில் அதை அறியாதவர் இல்லை.

"ஐயோ வேணாங்க!" பெரியாயி பிள்ளையோடு அப்படியே திரும்பினாள். கை அவள் தோளில் விழுந்தது. "நாந்தாங்க! நாந்தான் அடுப்புக்கு மேல போட்டேன். மழ வந்துச்சு, ஒங்க கம்பளி காயப்போடுற கயித்துல போட்டேன். பொறப்படுறதுக்குள்ள காயட்டும்னுதாங்க போட்டேன்!"

தகரக் கூரையில் மழை கொட்டியது.

"நான் சத்தியம் கேக்கல்லயே இராசையா," என்றார் நானா மெதுவாக.

இராசையா அவள் தோளிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தான். இன்னும் ஒரு விரற்கடை. அவ்வளவுதான் இருந்தது. எந்தப் பிள்ளைக்காக ஊரையே சந்தேகித்தானோ, அந்தப் பிள்ளை தலையில் தானே பொய்ச்சத்தியத்தை இறக்கப் பார்த்தானே, பாவி!

"ஏன் புள்ள முந்தியே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? எவன் சொல்லிக்குடுத்தான், யாருக்காகப் பேசுறேன்னு என்னையே கேட்டிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். கேட்டிருப்பான்தான்.

நானா உள்ளே போய் இன்னொரு மெழுகுசீலையை எடுத்து வந்து பெரியாயியின் தோளில் போட்டார். "கொண்டு போங்க தங்கச்சி. நேர்த்தி முடிச்சிட்டு நல்லபடியா வாங்க."

இவர் ஏன் சும்மா கொடுக்கிறார் என்ற கேள்வி இராசையாவின் நாக்கு நுனிவரை வந்தது. எச்சிலோடு விழுங்கினான்.

"எறக்கமா இருக்கு, வழுக்கும். புள்ளையக் குடு, நான் தூக்கிக்கிறேன்," என்று இரண்டு கையையும் நீட்டினான்.

பெரியாயி அந்தக் கைகளைப் பார்த்தாள். சற்று முன் ஓங்கிய கை எது என்று தேடுகிறவள்போல ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தாள். பிள்ளையை அணைத்திருந்த அவள் கை தளரவில்லை, இன்னும் இறுகியது.

"இருக்கட்டுங்க," என்றாள். "நானே தூக்கிட்டு வாறேன்."